மதுரையைவிடப் பக்கம்

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு வான்வழியில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் வரும். கோயம்புத்தூருக்கு 400-ஐக் கொஞ்சம் தாண்டும். யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு 353. ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. வரிசை மாறாது. சென்னைக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்.

இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. "நடுவில் கடல் இருக்கிறதே சார்" என்றார் ஒருவர், கடல் இருந்தால் தூரம் கூடிவிடும் என்பதுபோல. இன்னொருவர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம் மனசுக்குள் இருக்கும் வரைபடத்தை வரைந்தது நேரம். மதுரைக்கு ஒரு ராத்திரி ரயில். படுத்து எழுந்தால் ஊர் வந்துவிடும். யாழ்ப்பாணம் என்றால் பாஸ்போர்ட், விசா, கொழும்பு, பிறகு எங்கோ வடக்கே ஒரு நெடும்பயணம். அப்படித்தான் ஒரு தலைமுறைக்கே பழகிப்போயிருக்கிறது.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லிவிடும் கணிப்பான்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றில் ஒரு பைத்தியம் உண்டு. தூரத்தைப் பொறுத்தவரை அவை சரியாகவே சொல்கின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் தெரிந்தால் உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள மிகக் குறுகிய வில்லைக் கண்டுபிடிப்பது பழைய கோணவியல். கப்பல் மாலுமிகள் கையாலேயே போட்ட கணக்கு. நேரத்தில்தான் கோளாறு. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க என்று ஓர் அரை மணி நேரத்தைச் சேர்த்துவிட்டு, அதையே பயண நேரம் என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சென்னையிலிருந்து பலாலிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பயணச்சீட்டில் போட்டிருப்பது ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி, சில சமயம் அதற்கும் மேல்.

முதல் காரணம் விமானமே. பலாலிக்குப் போவது ஏடிஆர் 72 என்ற விசிறி விமானம். எழுபது சொச்சம் இருக்கைகள். ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றால் இது ஐந்நூறை ஒட்டி நிற்கும். ஜெட் 35,000 அடிக்கு ஏறும்; இது பெரும்பாலும் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளும். குறைந்த தூரத்துக்கு இதுதான் லாபம், எரிபொருள் குறைவு, நீளம் குறைந்த ஓடுபாதையே போதும். ஜன்னலோரம் கிடைத்தால் கடலின் நிறம் மாறுவதுகூடத் தெரியும். அந்த வகையில் ஏடிஆரை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சத்தம் அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்நூறு கிலோமீட்டர் வேகம் என்றாலும் 353 கிலோமீட்டருக்கு 42 நிமிடம்தானே ஆகவேண்டும்? மிச்சம் எங்கே போகிறது? விமானக்காரர்கள் நேரத்தை அளப்பது பறப்பதிலிருந்து அல்ல. சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்தது முதல் இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை. அதற்குப் பெயர் பிளாக் டைம். அதில் பின்னுக்குத் தள்ளுவது, ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும் வரை ஓடுபாதை ஓரம் காத்திருப்பது எல்லாம் அடக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. பலாலி நேர் தெற்கே இருக்கிறது என்பதற்காக ஓடுபாதை தெற்கு பார்த்து இருக்குமா? சென்னையின் பிரதான ஓடுபாதை கிட்டத்தட்ட கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்று மேற்கிலிருந்து அடித்தால் மேற்கு பார்த்து ஓடி எழும்பி, பிறகு திரும்ப வேண்டும். நடுவழியில் சென்னைக் கட்டுப்பாட்டு அறை விடைகொடுக்கும், கொழும்புக் கட்டுப்பாட்டு அறை வாங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் மேலே கொஞ்சம் பஞ்சும் வைத்திருப்பார்கள். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதம் இல்லை என்பது விமானத் துறையின் கணக்கு. அந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்க எளிய வழி, ஆகும் நேரத்தைவிடக் கூடுதலாகவே அட்டவணையில் எழுதிவைப்பது. நம் ரயில்வே இந்தக் கலையில் மூத்தது. பெரம்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே சில ரயில்களுக்கு அட்டவணையில் கொடுத்திருக்கும் நேரத்தைப் பார்த்தால், சுறுசுறுப்பான ஆள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாமோ என்று தோன்றும். விமானத்தில் "இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்குகிறோம்" என்று பெருமையாக அறிவிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரம்பூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

இதுவரை சொன்னது இயந்திரத்தின் நேரம். இதில் நிமிடங்கள்தான் வித்தியாசப்படும். அரசாங்கங்கள் கை வைக்கும்போதுதான் மணிகளும் ஆண்டுகளும் கூடுகின்றன.

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலாக ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும் வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம். பின்லாந்தும் ஜப்பானும் ஓரடிகூட நகரவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்களுக்கும் இதே கதி. இவையெல்லாம் பெரிய தூரங்கள்; மூன்று நான்கு மணி நேரம் கூடினால் இன்னொரு படம் பார்த்துவிட்டுத் தூங்கலாம். 353 கிலோமீட்டரை எவ்வளவு நீட்ட முடியும் என்று தெரிய வேண்டுமானால் பாக் நீரிணைக்குத்தான் வர வேண்டும்.

சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்காவுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். 642 கிலோமீட்டர். அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. யாழ்ப்பாண நகரத்தின் தலைக்கு மேலேயே போகிறது. பலாலிக்கு மேற்கே ஆறேழு கிலோமீட்டர். நிஜ விமானம் நிஜமான வான்பாதையில் கொஞ்சம் தள்ளிப் போகலாம், அது வேறு. பாதி வழிக்குச் சற்று மேலே யாழ்ப்பாணம் வந்துவிடுகிறது. ஆனால் 2019-க்கு முன்பு சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போக நினைத்தவர் அங்கே இறங்க முடியாது. இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே பறந்து, கட்டுநாயக்காவில் இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வந்து, வேன் பிடித்து, எந்தச் சாலையில் போகிறோம் என்பதைப் பொறுத்து 350 முதல் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். ஏழெட்டு மணி நேரம். காலையில் எந்த வீட்டின் மேல் பறந்தாரோ அந்த வீட்டுக்கு இரவில் போய்ச் சேருவார்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இந்தக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். என்னைவிட மூத்தவர். "அது எங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார். "மேலால போற பிளேனைப் பாத்து, உதிலதான் மாமா வாறார், ராவைக்குச் சோறு வையுங்கோ எண்டு சொல்லுறது." விளையாட்டுக்குச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை என்பதுதான் விசேஷம். பலாலியில் ஓடுதளம் போட்டவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையினர், இரண்டாம் உலகப் போரின்போது. போர் முடிந்தபின் ஏர் சிலோன் பிறந்தது. 1947 டிசம்பர் 10-ஆம் தேதி அதன் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பியது. சீதாதேவி என்று பெயர் வைத்த டகோட்டா விமானம். போன இடம் சென்னை, வழியில் நின்ற இடம் காங்கேசன்துறை, அதாவது இந்தப் பலாலிதான். ஆக, இலங்கையின் தேசிய விமான நிறுவனம் முதன்முதலில் பறந்த பாதையே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னை. அந்த நாட்டுக்கு அப்போது சுதந்திரம்கூடக் கிடைத்திருக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில். கணக்குப் போட்டால் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் பறந்திருக்கும். இன்றைக்குச் சீட்டில் போட்டிருக்கும் நேரமும் அதுதான்.

விமானத்துக்குக் காசில்லாதவர்களுக்குப் போட் மெயில் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரில் ரயிலேறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர்கள் மதவாச்சியில் மாறிக்கொள்ள வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் அதுவும் நின்றது.

இலங்கையில் உள்நாட்டுப் போர் வந்ததும் பலாலி படைத்தளமாயிற்று. 1990-இல் வலிகாமம் வடக்கில் சுற்றுவட்டார ஊர்களைச் சேர்ந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; அவர்கள் நிலமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயம் என்ற வேலிக்குள் போனது. அதே ஆண்டில் வடக்குக்கான ரயிலும் நின்றுபோனது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போவதே பெரும்பாடாகிவிட்ட காலத்தில் சென்னையைப் பற்றி யார் பேசுவது? 1998 செப்டம்பர் 29-ஆம் தேதி பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். ஒரு சின்னப் பயணத்துக்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்தின் இன்னொரு விநோதம் கடிகாரம். இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. 1996 மே மாதம் மின்சாரப் பற்றாக்குறையைச் சமாளிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. அந்தப் பத்தாண்டுகளில் சென்னையிலிருந்து கொழும்புக்குச் சீட்டு வாங்கினால் போகும்போது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்று போட்டிருக்கும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில், ஒரே சாலையில், சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறும். சென்னையும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சூரியன் இரண்டுக்கும் உச்சிக்கு வருவதில் உள்ள வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை.

2019 அக்டோபர் 17-ஆம் தேதி பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்துவைத்தார்கள். அதிபர் சிறிசேனா வந்திருந்தார், பிரதமர் ரணில் வந்திருந்தார், சென்னையிலிருந்து அதிகாரிகளோடு ஒரு விமானம் வந்து இறங்கியது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்தது. நான்கைந்து மாதம் போவதற்குள் கொரோனா. எல்லா நாடுகளும் மூடின, எல்லாப் பாதைகளும் நின்றன. ஆனால் மற்றவை திறந்த பிறகும் இது திறக்கவில்லை. 2022 டிசம்பர் 12-ஆம் தேதிதான் மறுபடி ஒரு விமானம் இறங்கியது. கிருமி அடைத்த கதவைத் திறக்க இவ்வளவு காலம் ஏன் ஆனது என்பதற்கு ஓடுபாதையைக் காரணம் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்தப் பாதைக்கு வந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி கிளம்பியது. அறுபது கடல்மைல், நான்கு மணி நேரத்துக்குள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

இப்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக எவ்வளவு நேரம்? சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்து அங்கே போகும் நேரம் உங்கள் பேட்டையைப் பொறுத்தது. அண்ணா நகர் என்றால் ஒன்று, வேளச்சேரி என்றால் இன்னொன்று. பறப்பது ஒன்றேகால். பலாலி சின்ன நிலையம், விமானத்திலிருந்து இறங்கி நடந்தே உள்ளே போகலாம். அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். ஆக ஆறேழு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். இதில் காற்றில் இருப்பது ஐந்தில் ஒரு பங்கு. விமானம் இன்னும் வேகமாகப் போனால் மிச்சமாவது பத்து நிமிடம்; முத்திரை குத்தும் மேசைகள் இரண்டு கூடினால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். வேகமான விமானம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, மேசை வேண்டும் என்றும் யாரும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்குத் திருச்சி இன்னும் பக்கம். 2025 மார்ச் கடைசியிலிருந்து அங்கிருந்தும் பலாலிக்கு விமானம் போகிறது. தூரம் 184 கிலோமீட்டர். திருச்சிக்குச் சென்னையே 290 கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். சீட்டில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர் சொச்சம், வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகம். பரவாயில்லை, கடலில் தண்டவாளம் போட முடியாது.

அந்தத் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர். பலாலிக்குக் கிளம்பும் விமானத்தின் சத்தம் அங்கே கேட்கும். தமிழ்நாடு முழுக்க இப்படிப்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு படகேறி ராமேஸ்வரம் பக்கம் வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். இவர்களில் ஒருவர் அந்த ஒரு மணி நேர விமானத்தில் ஏற வேண்டுமானால் காசு மட்டும் போதாது. வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவர் தூதரகத்தில் தற்காலிகப் பயண ஆவணம் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது போரில் எரிந்த அரசாங்கக் கச்சேரியில் இருந்திருக்கும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அங்கே குடியுரிமைப் பதிவு வேண்டும். மாதக்கணக்கில் ஓடும் வேலை.

2025 மே மாதம், இப்படி எல்லாத் தாளையும் வாங்கிக்கொண்டு, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலியில் இறங்கியதும் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் உரிய ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு. உயிருக்குப் பயந்து ஓடியவரிடம் எந்தக் கவுண்டரில் முத்திரை வாங்கிக்கொண்டு போனாய் என்று சட்டம் கேட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, பிறகு விடுவித்தார்கள். திரும்பிப் போகலாமா என்று பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்த முகாம்வாசிகள் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள்.